வந்தவரும் இருந்தவரும்

நூலைக் கேட்கும் முறைபற்றிப் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை கேட்ட பாடத்தை இரண்டாம் முறையும் கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறையும் கேட்டால் பிறர்க்கு எடுத்துரைக்கும் தகுதி வரும் என்பது அதன் சாரம். 13-ஆம் நூற்றாண்டில் ஓலைச்சுவடியை முன்வைத்துச் சொன்ன அக்கணக்கு, இன்று நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து கொண்டுவரும் ஆங்கிலத் தாளுக்கும் பொருந்துகிறது என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். நாள் முழுதும் கோப்புகளோடு பழகும் நமக்கு நன்னூலார் கணக்கு வியப்பைத் தருவதில்லை. ஒரு மனுவை முதல்முறை படிக்கையில் செய்தி தெரியும். எழுதியவர் யார், எந்நாளில் எழுதினார், என்ன கேட்கிறார் என்பன விளங்கும். மறுமுறை படிக்கையில் அவர் சொல்லாமல் விட்டது தெரியும். மூன்றாம் முறை படிக்கையில்தான், நாம் எழுதப்போகும் நான்கு வரிக் குறிப்பு எந்த வீட்டின் அடுப்பைத் தொடும் என்பது தெரியும். முதல்முறையோடு கோப்பை மூடிவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் மேசை விரைவில் காலியாகும்; மனுதாரர் மீண்டும் மீண்டும் படியேறுவார்.

நம் குடியிருப்பு சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூரில். கடற்கரைப் பக்கத்து நெல்லூர் வேறு, இது வேறு. கரும்பும் மாவும் விளையும் பூமி. தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைப் பிள்ளைகள் ஒரே நாளில் நாவில் மாற்றிக்கொள்வார்கள். நம் தந்தையார் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சித்தூர் வெல்ல மண்டிக்குக் கணக்கெழுத வந்தவர். அவ்வாறு வந்து தங்கிய குடும்பங்கள் சில. பணிமாற்றத்தால் வந்தவை சில. எங்கிருந்தும் வராமல் தலைமுறை தலைமுறையாக இங்கேயே தமிழ் பேசி வாழ்பவை சில. இக்குடும்பங்களின் பிள்ளைகள் எண்மர் ஞாயிறுதோறும் நம் வீட்டுத் திண்ணையில் தமிழ் எழுத்துப் படிக்க வருவார்கள். ஒரு ஞாயிறன்று தமிழ்ப் பாடம் முடிந்தபின், மறுநாள் பள்ளியில் கொடுக்க வேண்டிய ஆங்கிலத் தாளை விரித்தார்கள். ஒரு கதைப் பகுதி. அதன்கீழ் ஏழு கேள்விகள்.

கதை, எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’. 1897-இல் திங்கள் இதழில் தொடராக வந்து, 1898-இல் நூலானது. வேற்றுக் கோளினர் படையெடுத்து வருவதாக எழுதப்படும் கதைகளுள் மூத்தவற்றில் ஒன்று என்று அதனைச் சொல்லலாம். இலண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்னும் ஊர். அதன் அருகில் ஹார்செல் என்னும் பொதுவெளி. அங்கே வானிலிருந்து ஒரு பெரிய உலோக உருளை விழுகிறது. அதன் மூடி திருகித் திறந்துகொள்கிறது. செவ்வாய்க் கோளினர் வெளிப்படுகின்றனர். வெப்பக் கதிரால் எரிக்கின்றனர். மூன்று கால் இயந்திரங்களில் ஏறி ஊர்களை மிதித்துச் செல்கின்றனர். கரும்புகையால் மூச்சை அடைக்கின்றனர். உலகப் பேரரசின் தலைநகரமாகிய இலண்டன் மூட்டை முடிச்சுகளோடு ஓடுகிறது. பீரங்கிகள் வெல்லவில்லை. முடிவில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செவ்வாயினரைக் கொன்றுவிடுகின்றன.

உருளை எங்கே விழுந்தது, மூடி எவ்வாறு திறந்தது, கூடியிருந்தோர் ஏன் அஞ்சினர் என்றவாறு கேட்டிருந்த ஏழு கேள்விகளுக்கும் பிள்ளைகள் கால்மணி நேரத்தில் விடை எழுதிவிட்டார்கள். விடைகள் யாவும் சரி. இது முதல்முறைப் படிப்பு. இதனை எளிதென்று தள்ளிவிடக் கூடாது. கதையைக் கதையென்று அறிந்து கேட்பதே ஒரு கல்விதான். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்க வானொலியில் ஆர்சன் வெல்ஸ் என்னும் இளைஞர் இக்கதையைச் செய்தி அறிவிப்புப் போல நாடகமாக்கி ஒலிபரப்பினார். (பெயரொலி ஒத்ததேயன்றி நூலாசிரியர்க்கு அவர் உறவினர் அல்லர்.) இடையில் கேட்கத் தொடங்கியவர் சிலர் உண்மையென்று நம்பிக் கலங்கினர். நாடே நடுங்கியதாகப் பத்திரிகைகள் எழுதியது மிகை என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆயின் 1949 பிப்ரவரியில் ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகரில் நடந்தது மிகையன்று. அந்நகர வானொலி இதே கதையைச் செய்தி போல ஒலிபரப்பியது. அது நாடகம் என்று தெரிந்ததும் அச்சம் சினமாக மாற, மக்கள் வானொலி நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீயிட்டனர், உயிர்களும் மாண்டன. அன்று அந்நகரில் ஊரை எரிக்கச் செவ்வாயினர் எவரும் தேவைப்படவில்லை.

தாள்களை மடித்து வைக்கும் நேரத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “மாமா, இந்தக் கதையில் நாம் யார்? வந்தவர்களா, இருந்தவர்களா?”

அவள் தந்தை இரண்டாண்டுக்கு முன் பணிமாற்றத்தில் இங்கே வந்தவர். கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பது சிறிது பேசியபின் விளங்கியது. வகுப்பில் ஏதோ விளையாட்டுச் சண்டையில் ஒரு பையன் அவளை ‘அரவ’ என்று அழைத்து, உங்கள் ஊருக்கே போய்விடு என்றானாம். தமிழைத் தெலுங்கர் ‘அரவம்’ என்பர். அச்சொல்லில் தன்னளவில் வசையில்லை, சொல்லும் குரலில்தான் உண்டு. மறுநாளே அவ்விருவரும் ஒரு மாங்காயைப் பங்கிட்டுத் தின்றிருக்கிறார்கள். எனினும் அச்சொல் சிறுமியின் மனத்தில் தங்கிவிட்டது. வானிலிருந்து வந்து ஊரைப் பிடிப்பவர்களின் கதையைப் படித்ததும், அந்தப் பயங்கர உருவத்தில் தன் முகம் தெரிகிறதோ என்று அவள் அஞ்சியிருக்கிறாள். ஏழு கேள்விகளில் எதுவும் இதனைத் தொடவில்லை. ஆகவே, பவணந்தியார் சொன்னபடி மறுமுறை படித்தோம். நூலகத்தில் முழுநூலை எடுத்து வந்து, அடுத்த சில ஞாயிறுகளில் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தோம்.

மறுமுறைப் படிப்பில் முதல் இயலிலேயே ஒரு செய்தி கண்ணில் பட்டது. செவ்வாயினரைக் கொடியவர் என்று தீர்ப்புச் சொல்லுமுன், நம் இனம் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் தம் ஆங்கில வாசகர்களை நிறுத்துகிறார். தாஸ்மானியத் தீவின் மக்களை ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பதாண்டுக் காலத்தில் அழித்ததை அங்கே சுட்டுகிறார். இக்கதைக்கு வித்திட்டவர் ஆசிரியரின் தமையன் பிராங்க்; நூல் அவருக்கே உரிமையாக்கப்பட்டுள்ளது. தாஸ்மானியருக்கு ஐரோப்பியர் வந்திறங்கியது போல நமக்கும் ஒருவர் வானிலிருந்து வந்திறங்கினால் எப்படியிருக்கும் என்று உடன்பிறந்தார் இருவரும் உரையாடியதன் விளைவு இந்நூல். தாஸ்மானிய மக்கள் அடியோடு அற்றுப்போயினர் என்று அக்காலத்தார் நம்பினர், அது தவறு. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவில் வாழ்கின்றனர்.

இவ்வாறு படித்தால் சிறுமியின் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கிறது. 1801-இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி முழுதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. சித்தூர்ச் சீமையும் அதில் அடக்கம். அந்தக் கணக்கில் தெலுங்கரும் தமிழரும் ஒருசேர ‘இருந்தவர்கள்’. வெல்ஸ் எழுதியது ஆளவந்தவர்களை நோக்கி. நாம் ஆளப்பட்டவர்களின் பக்கம். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் நான்கு தலைமுறையாக இவ்வூரில் வாழும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் விடவில்லை: “அது அன்று. இன்று நாம் யார்?”

அவன் கேட்டது முறைதான். அவன் குடும்பம் எங்கும் நகரவில்லை, நகர்ந்தவை எல்லைகள். 1911-இல் வடாற்காட்டின் பகுதிகளும் கடப்பையின் பகுதிகளும் சேர்ந்து சித்தூர் மாவட்டம் உண்டாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதில் சேர்ந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. வேறு சில ஊர்கள் இப்பக்கம் வந்தன. ஒரே வீட்டில் ஒரே முற்றத்தில் அமர்ந்திருந்த பாட்டி ஒருத்தி, எழுந்து ஓரடி வைக்காமலே சென்னை மாகாணத்தவளாகவும், ஆந்திர மாநிலத்தவளாகவும், ஆந்திரப் பிரதேசத்தவளாகவும் ஆகியிருப்பாள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் இதே கதைதான். வரைபடம் வரைகிறவர் மேசையில் கோடு ஓரங்குலம் நகர்ந்தால் இருந்தவர் வந்தவராகிவிடுகிறார். ஆகவே வந்தவர், இருந்தவர் என்னும் பிரிவினையை மட்டும் கொண்டு மனிதரை அளக்க முடியாது. அப்படியானால் அளவுகோல் எது?

அதற்காகவே மூன்றாம் முறை படிக்க நேர்ந்தது. இம்முறை கதையின் இரண்டு இடங்களில் விரல் வைத்து நின்றோம்.

ஒன்று, வெள்ளைக்கொடி. உருளை விழுந்த பொதுவெளியில், மாலை மங்கும் வேளையில், ஊரார் சிலர் வெள்ளைக்கொடி ஏந்திக் குழியை நோக்கி நடக்கின்றனர். ஓகில்வி என்னும் வானியலாரும் அவர்களுள் ஒருவர். உள்ளே இருப்பவர்களும் அறிவுடையோர், அவர்களோடு பேச முயல வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். கொடியோடு அவர்களை வெப்பக் கதிர் சாம்பலாக்குகிறது. செவ்வாயினர்மேல் குற்றம் எந்தக் கணத்தில் உறுதியாகிறது என்று பிள்ளைகளைக் கேட்டோம். வந்ததால் அன்று என்று சொன்னார்கள். செவ்வாய் குளிர்ந்து வறண்டு வருவதாகவும், பிழைப்பதற்கு வேறிடம் தேடவேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்ததாகவும் ஆசிரியரே சொல்கிறாரே! தண்ணீரும் வயிற்றுப்பாடும் தேடி ஊர்விட்டு ஊர் வருவதை நம் குடும்பங்கள் அறியாதனவா? பேச வந்தவரை எரித்தார்களே, அக்கணத்தில்தான் வந்தவர் படையெடுத்தவர் ஆனார்.

மற்றொன்று, நம்மைத் திடுக்கிடச் செய்த இடம். கதை சொல்பவர் தம் வீட்டிலிருந்து வோக்கிங் எரிவதைக் காண்கிறார். கீழ்த்திசைக் கல்லூரி ஒன்றன் அருகே மரங்கள் தீப்பற்றுகின்றன. பக்கத்தில் சிறிய தேவாலயத்தின் கோபுரம் சரிகிறது. பள்ளிவாசலின் உச்சி காணாமற் போகிறது. இலண்டன் அருகில் 1890-களில் பள்ளிவாசல் எவ்வாறு வந்தது? அது கற்பனையன்று. புதபெஸ்தில் பிறந்து, இலாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்த லைட்னர் என்னும் அறிஞர் 1880-களில் வோக்கிங்கில் கீழ்த்திசை மொழிகளுக்கென ஒரு கல்வி நிலையம் அமைத்தார். அதன் அருகில், போபால் அரசி ஷாஜகான் பேகம் அளித்த பெரும்பொருளைக் கொண்டு 1889-இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. பிரித்தானியாவில் பள்ளிவாசலென்றே கட்டப்பெற்ற முதற்கட்டடம் அதுவே. இன்றும் அரசி பெயரோடு நிற்கிறது. வெல்ஸ் 1895 முதல் அவ்வூரில் குடியிருந்தார். மிதிவண்டியில் சுற்றி, எந்தெந்த இடத்தைக் கதையில் அழிப்பது என்று குறித்துக்கொண்டவர், நாள்தோறும் கண்ட அக்கட்டடத்தையும் கதையில் சேர்த்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது திண்ணை அமைதியாயிற்று. நம் நாட்டார் கட்டிய வழிபாட்டிடம் இக்கதையின் நடுவில் நிற்கிறது. செவ்வாயினரின் தீ தேவாலயத்துக்கு ஒரு வெப்பம், பள்ளிவாசலுக்கு ஒரு வெப்பம் என்று பார்க்கவில்லை. உள்ளூரார் மாதாகோவிலும் வெளியூரார் பள்ளிவாசலும் ஒரே மாலையில், ஒரே கதிரில் சிதைகின்றன. ‘நாம் யார்’ என்று கேட்ட சிறுமி தானே விடையைக் கண்டுகொண்டாள்: “நாம் அந்த ஊரில் குடியிருப்பவர்கள், மாமா.” உருளையில் வந்தவர் கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை. தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டி, ஊர் எரிந்தால் தானும் எரியக்கூடியவர்களின் கூட்டத்தில்தான் அவள் இடம் இருக்கிறது.

கதையின் முடிவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். நுண்ணுயிர்கள் செவ்வாயினரைக் கொன்றதை, ‘மண் அந்நியரை ஏற்காது’ என்னும் நீதியாகப் படிப்பாரும் உளர். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை அவ்வாறு படித்தால் நெஞ்சில் முள் தைக்கும். வெல்ஸ் உயிரியல் பயின்றவர். ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் பாடம் கேட்டவர். எண்ணற்ற சாவுகளால் மனித இனம் நோய்க்கிருமிகளைத் தாங்கும் வலிமை பெற்றது; கிருமியே இல்லாத கோளிலிருந்து வந்தவர்க்கு அவ்வலிமை இல்லை என்பதே அவர் காட்டும் காரணம். அதில் மண்ணின் தீர்ப்பு எதுவும் இல்லை. அமெரிக்காவில் பெரியம்மை வந்தவரோடு சேர்ந்துகொண்டு இருந்தவரைக் கொன்றது. இந்தியாவில் முறைக்காய்ச்சல் இருந்தவரையும் வந்தவரையும் ஒன்றாகவே கொன்றது. இக்கதை இதழில் வந்துகொண்டிருந்த அதே 1897-இல், ஆகஸ்ட் 20 அன்று, செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் முறைக்காய்ச்சல் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆங்கிலப் படை அதிகாரியின் மகனாக அல்மோராவில் பிறந்த அவர் வந்தவரா, இருந்தவரா? அவர் கண்ட உண்மையால் பிழைத்த குழந்தையின் தாய் அக்கேள்வியைக் கேட்கமாட்டாள்.

இன்னுமொன்று. செவ்வாயினர் நம்மிடம் வரவில்லை. நாம்தான் செவ்வாய்க்குச் சென்றிருக்கிறோம். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. 2022-இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் ஸ்ரீஹரிகோட்டா திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கங்காதர நெல்லூர்க் குழந்தைகளுக்கு அது பக்கத்து மாவட்டம். மங்கள்யான் செவ்வாயைச் சுற்றியதேயன்றித் தரையைத் தொடவில்லை. 1976-இல் தரையைத் தொட்ட அமெரிக்க வைக்கிங் கலங்களைப் புறப்படுமுன் நூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் மணிக்கணக்காக வைத்துக் கிருமி நீக்கினார்கள். அங்கே உயிர் ஏதேனும் இருந்தால் நம் கிருமி அதனைக் கெடுத்துவிடக் கூடாது. நாம் கொண்டுபோன கிருமியையே அங்கே கண்டதாக மயங்கிவிடவும் கூடாது என்பது காரணம். வேற்றுக் கோள்களை மாசுபடுத்தலாகாது என்று 1967-இல் உருவான விண்வெளி உடன்படிக்கையும் விதிக்கிறது. இந்தியாவும் அதில் இணைந்த நாடு. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் கால் கழுவும் வழக்கம் நம் பாட்டிமார் அறியாததா? அவ்வழக்கம் விண்வெளி வரை சென்றிருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் பெற்றோர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘வந்தேறி’ என்னும் சொல் நம்மேல் வீசப்படும்போது நமக்கு வலிக்கிறது. நம் தாய்மாநிலத்தில் அதே சொல்லைப் பிறர்மேல் வீசுவோரும் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டாம். எவ்வூரில் குடியேறினாலும் அவ்வூர் மொழியைக் கற்று, அவ்வூர்க் கிணற்றைக் காத்து, நம் மொழியையும் வீட்டில் வளர்த்து வாழ்கிறவனை எந்தக் கோடும் அந்நியனாக்க முடியாது. பேச வந்தவனை எரிக்கிறவன், தான் பிறந்த தெருவிலேயே நின்றாலும் அந்நியன்தான்.

பள்ளிக்கூடத் தாளில் ஏழு கேள்விகள் இருக்கும். அவற்றுக்கு மதிப்பெண் உண்டு, பிள்ளைகள் எழுதட்டும். எழுதி முடித்தபின் தாளை உடனே மடிக்கவிடாமல், கதையில் வெள்ளைக்கொடியோடு நடந்து சென்றவர்கள் யார், அவர்களோடு நீ நடந்திருப்பாயா என்று எட்டாவதாக ஒரு கேள்வியை நீங்கள் கேளுங்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் விடை வரும்வரை பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்திருங்கள்.